முப்பது வீடுகளும் ஒரு கதவும்

அந்த ஜனவரியில் முப்பது வீடுகள் கூடுதலாக இரண்டு நாள் குளிரில் கிடந்ததற்குக் காரணம் ஒரே ஒரு கதவு. அதைத் திறக்காமல் இருந்தவள் நான். எங்கள் ஊரான லாம்பர்ட்டில் சிலருக்கு அது இன்னும் நினைவிருக்கிறது. மளிகைக் கடையில் என்னைப் பார்த்தால் தலையை அசைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். என் கணவர் வெண்டலைப் பற்றி எழுதலாம் என்று பலமுறை உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் அந்தக் கதவுக்குத்தான் வந்து சேர்கிறேன்.

இறைச்சி ஆலைக்குப் போகும் சாலையில் இருந்தது எங்கள் குடியிருப்பு. வண்டியில் இழுத்துவந்து நிறுத்திய முப்பத்தொரு டிரெய்லர் வீடுகள்; எங்களுடையது பத்தொன்பதாம் எண். எல்லா வீட்டுக்கும் சேர்த்து வாசலில் ஒரே கேஸ் மீட்டர். மீட்டர் வரைக்கும் குழாய் கேஸ் கம்பெனியுடையது. அதற்கு உள்ளே ஓடுவது குடியிருப்பின் உரிமையாளருடையது, 1961இல் புதைத்தது. உரிமையாளர் ஃப்ளோரிடாவில் இருந்தார். குழாய் இங்கே துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

நான் நகராட்சி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் தட்டச்சு வேலை செய்தவள். நகரத் தெருக்களுக்கு அடியில் குழாய் போட்டு கேஸ் விற்பதற்கு நகர சபை கம்பெனிக்கு இருபது வருட உரிமம் கொடுக்கும். 1991இல் அதைப் புதுப்பித்தபோது நான் வேலையில் இருந்தேன். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் பக்கத்து மாவட்டத்தில் எங்களுடையதைப் போன்ற ஒரு குடியிருப்பில் ஒரு வீடு வெடித்து, ஒரு தாயும் மகளும் போயிருந்தார்கள். அதனால் சபை ஒரு புதிய விதியைச் சேர்க்கச் சொன்னது. கம்பெனியின் வக்கீல் மூன்று கூட்டங்களுக்கு வந்து வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. பதினான்காவது விதி: இப்படிப்பட்ட குடியிருப்புகளில் வருடத்துக்கொரு முறை குழாயின் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். அழுத்தம் நிற்காமல் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள்; கேஸை மூட வேண்டும். மறுபடி திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வீட்டிலும் உள்ள அடுப்பையும் ஹீட்டரையும் நகராட்சி இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்திருக்க வேண்டும். ஒரு வீடு பாக்கி இருந்தாலும் திறக்கக் கூடாது.

அதை நான்கு பிரதிகள் அடித்தேன். நல்ல விதி என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வெண்டல் அதே கம்பெனியில் முப்பத்தொரு வருடம் கசிவு தேடும் வேலை பார்த்தவர். ஊரில் அவர் தட்டாத கதவு கிடையாது. ஓய்வு பெற்றபோது அவருக்கு மூக்கில் வாசனையே தெரியாமல் போயிருந்தது. பிறகு நுரையீரல். 1993 நவம்பரில் டாக்டர், வசந்த காலம் வரை தாங்குமா என்று நாங்கள் கேட்டபோது தன் மேஜையைப் பார்த்தார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் மாவட்ட முதியோர் இல்லத்தைக் கடந்தோம். வெண்டலின் அண்ணன் செத்தது அங்கேதான், பதினான்கு மாதம் இழுத்து.

"என்னை மட்டும் அங்க கொண்டு போய்ப் போட்டுறாதே நெட்டி," என்றார்.

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வேறெதையும் அவர் என்னிடம் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் வீடு யாருக்கும் காட்டக்கூடிய நிலையில் இல்லை. நடைவழித் தரை காலடியில் அமுங்கும். பெரிய ஹீட்டர் இரண்டு குளிர்காலத்துக்கு முன்பே செத்துவிட்டது. வெண்டல் ஒரு பண்ணை ஏலத்தில் புகைபோக்கி இல்லாத சுவர் ஹீட்டர் ஒன்றை வாங்கி, படுக்கையறையில் தானே குழாய் இழுத்து மாட்டியிருந்தார். அனுமதி வாங்கவில்லை. முப்பத்தொரு வருடம் குழாய் பார்த்தவன், நகராட்சிக்காரனைக் கூப்பிட்டுக் காட்டுவானா? அப்போது அவருக்கு ஆக்சிஜன் தேவைப்படவில்லை. இப்போது அதே அறையில், திறந்த சுடருக்குச் சில அடி தள்ளி ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்தால், பயன்படுத்தக் கூடாது என்று ஹீட்டரில் சிவப்புச் சீட்டு கட்டுவார். அதற்குப் பின்னால் கதவில் இன்னொரு தாள் ஒட்டப்படும்: மனிதர் குடியிருக்கத் தகாதது. அந்தத் தாளையும் எத்தனையோ பேருக்கு நான் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் பெயர் எழுதும் இடம் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தத் தாள் வந்தால் ஜனவரியில் நுரையீரல் நோயாளிக்கு ஊரில் இடம் ஒன்றுதான்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை காலை, அந்த வருடச் சோதனையில் அழுத்தம் நிற்கவில்லை. கேஸை மூடினார்கள். வியாழன் மத்தியானம் துணி துவைக்கும் கூடத்துக்குப் பக்கத்தில் கசிவைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் இன்ஸ்பெக்டர் லேலண்ட் ஹாம் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். எங்கள் கதவைத் தட்டினார். நான் சமையலறையில் நின்றபடி, அவர் காலடி மரப்படியிலிருந்து இறங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டேன். வாசலில் எங்கள் கார் நின்றது. வீட்டில் ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளி காலை மறுபடி வந்தார். இந்த முறை கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பேசினேன். லேலண்டும் நானும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள். ஒரே காபிப் பாத்திரம்.

"நெட்டி, கதவைத் திற. அஞ்சு நிமிஷ வேலை."

"அவருக்கு முடியலை லேலண்ட். தூங்கறார்."

"தூங்கட்டும். நான் அவரையா பாக்க வந்தேன், அடுப்பைத்தானே."

"எங்களுக்கு கேஸே வேண்டாம். வெளியில எங்க வால்வை மூடிட்டு மத்தவங்களுக்குத் திறந்துவிடு."

"அது துருப்பிடிச்சுத் திறந்தபடியே நிக்குது. நாலடி நீளத்துக்கு ஸ்பானர் வச்சுப் பாத்துட்டேன்."

"அப்போ தோண்டி எங்க குழாயை வெட்டி அடைச்சுடு."

"மண்ணு ரெண்டடிக்குக் கல்லா உறைஞ்சு கிடக்கு. தோண்டுற மெஷின் திங்கட்கிழமைக்கு முன்னாடி கிடைக்காது. நீதிபதியும் திங்கட்கிழமைதான் வரார். அவர் வந்தா வாரண்ட் வாங்கிட்டு வருவேன். என்னை அப்படிப் பண்ண வைக்காதே." சற்று நின்றார். "உள்ளே என்ன இருக்கு நெட்டி?"

நான் கதவை விட்டுச் சமையலறைக்குப் போனேன். நீதிபதி ஊரில் இல்லாதது எனக்கு முன்பே தெரியும். அவருடைய நாள்குறிப்பைப் பல வருடம் நான்தான் அடித்தேன். நான் கணக்குப் போட்டது இதுதான்: திங்கள் வரை தாக்குப் பிடித்தால், வாரண்டுக்கு முன்னால் மெஷின் வந்துவிடலாம். எங்கள் குழாயை வெட்டிவிட்டால் யாரும் உள்ளே வரத் தேவையில்லை. அதற்குப் பிறகு எப்படிச் சூடு வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்க என்னால் முடிந்தது.

அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. உள்ளே சின்ன மின்சார ஹீட்டர் ஒன்று வைத்திருந்தேன். அதையும் ஆக்சிஜன் மெஷினையும் சேர்த்துப் போட்டால் ஃப்யூஸ் போய்விடும். ஆகவே இருபது நிமிடம் நடைவழியில் வேறு பிளக்கில் போட்டு, கதவைத் திறந்து காற்றை அறைக்குள் தள்ளுவேன். பிறகு அந்த வயரும் சூடேறத் தொடங்கும்; அணைத்துவிட்டுப் போர்வைகளைச் சரிசெய்வேன். வெண்டலிடம், ஓட்டையை அடைத்துவிட்டார்கள், ஆனால் கேஸ் வர நாளாகும் என்று சொல்லியிருந்தேன்.

மத்தியானம் குடியிருப்பின் மேனேஜர் டுவேன் தன் வண்டியை எங்கள் படிக்கட்டுக்கு முன்னால் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிப் பேசினார். இறங்கவில்லை.

"மிஸஸ் அன்ரூ, உள்ளே என்ன, ஆள் கீள் புதைச்சு வச்சிருக்கீங்களா?"

நான் திரையை விலக்கவில்லை.

"இருந்தாலும் பரவாயில்லை, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கதவைத் திறங்க. காலையிலேருந்து என் ஃபோன் ஓயலை. எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க, அதுவும் மூணு பாஷையில."

வண்டி போன பிறகு இமெல்டா ரேயஸ் வந்தாள். இருபதாம் எண் வீடு. அவள் புருஷனுக்கு ஆலையில் எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரிக்கும் வேலை. கோட்டுக்குள் ஐந்து வாரக் குழந்தை, கையில் மூடி போட்ட பாத்திரம். அவளுக்கும் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலைத் தூக்கினேன். அவள் பாஷையில் பெரியவர்களுக்குச் சொல்லும் மரியாதைச் சொல்லான டோன்யா போட்டுத்தான் என்னைக் கூப்பிடுவாள்.

"டோன்யா நெட்டி, சூப் கொண்டாந்தேன். எங்க அண்ணி வீட்டுல மின்சார அடுப்பு இருக்கு. உங்க சார் குடிப்பாரா?"

"குடிப்பார். குழந்தையை ஏம்மா இந்தக் குளிர்ல தூக்கிட்டு வந்தே?"

"உள்ளேயும் இதே குளிர்தான்." அவள் சிரிக்க முயன்றாள். "மூக்கு அடைச்சுக்கிச்சு இவனுக்கு. பால் குடிக்க முடியலை, பாதியில விட்டுட்டு அழறான். சர்ச் கீழ்த்தளத்துல படுக்கச் சொன்னாங்க. அங்க போனா எல்லாரும் இருமுறாங்க. அண்ணி வீட்டுல ஏற்கெனவே ஒம்பது பேர்."

"சரியாயிடும்."

"உங்க வீடு மட்டும்தான் பாக்கியாம் டோன்யா. துணி துவைக்கிற இடத்துல தாள் ஒட்டியிருக்காங்க. முப்பது வீட்டுக்கு டிக். பத்தொம்பதுக்கு மட்டும் இல்லை." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் சண்டைக்கு வரலை. சார் உடம்பு எனக்குத் தெரியும். உங்களுக்கு ஏதோ காரணம் இருக்கும். பாத்திரம் மெதுவா குடுங்க."

ஜன்னலைச் சாத்திவிட்டு, சூப்பை வெண்டலுக்கு ஊட்டினேன். எலுமிச்சை நிறைய இருந்தது. நன்றாக இருக்கிறது என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அவருக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"சனி."

"புதன்கிழமை மூடினாங்க. வியாழக்கிழமை ஓட்டையை அடைச்சாச்சுன்னு நீதான் சொன்னே. முப்பத்தோரு வீடு. ரெண்டு ஆளு, ஒரு சாயங்கால வேலை. இன்னும் ஏன் கேஸ் வரலை?"

"எனக்கென்ன தெரியும்."

"எனக்குத் தெரியும்," என்றார். முகத்தில் பழைய களை வந்தது. "எவனோ ஒருத்தன் கதவைத் திறக்கலை. எப்பவும் ஒருத்தன் இருப்பான். எழுபத்திரண்டுல வால்நட் தெருவுல நாப்பது வீடு, ஒரே ஆளால நாலு நாள் நின்னுது. கடைசியில போலீஸை வச்சு உள்ள போனா, நிலவறையில பதினொரு நாய். ஒண்ணுக்குக்கூட லைசென்ஸ் கிடையாது." சிரித்து, இருமி, மூச்சுக்காகக் காத்திருந்தார். "நாய்க்காக நாப்பது வீட்டை விறைக்க வச்சான் மடையன். கழுத்தைப் பிடிச்சு வெளிய இழுக்கணும்னு வந்துச்சு எனக்கு. இங்க எவன்? இருபத்தாறுல வான்கோழி வளர்க்கிறானே, அவனா?"

"அவன் வியாழக்கிழமையே திறந்துட்டான்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

வெண்டல் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். ஆக்சிஜன் மெஷின் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் கண் ஹீட்டருக்குப் போனது, பிறகு என் கைக்கு வந்தது. நான் போர்வை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம வீட்டுக்கு டிக் இருக்கா நெட்டி?"

"இல்லை."

அவர் திட்டவில்லை. ஏற்கெனவே திட்டி முடித்திருந்தார்.

"ஸ்பானர் ரெண்டையும் எடு," என்றார். "டிராயர்ல ஒரு குழாய் மூடி இருக்கும், முக்கால் அங்குலம். நான் சொல்லச் சொல்ல நீ கழட்டு. இந்தச் சனியனைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டா, அவன் எதுல சீட்டு கட்டுவான்?"

ஒரு கணம் எனக்கும் வழி பிறந்துவிட்டது போல் இருந்தது. ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு மண்டியிட்டேன். முதல் திருகலுக்கு அது அசையவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"பிரயோஜனம் இல்லை வெண்டல்."

"அழுத்து. கை வலி அப்புறம்."

"அதில்லை. அக்டோபர்லேருந்து ஏப்ரல் வரைக்கும், ஹீட்டர் வேலை செய்யாத வீடும் குடியிருக்கத் தகாததுதான். இருந்தா ஆபத்துன்னு தாள் ஒட்டுவாங்க. இல்லாட்டி, இல்லைன்னு ஒட்டுவாங்க."

"எவன் எழுதினான் அதை?"

"சபை எழுதினது. நான் அடிச்சேன்."

அவர் சிரித்தார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கிய சிரிப்பு. நானும் தரையில் உட்கார்ந்தபடி சிரித்தேன். கையில் ஸ்பானருடன் அப்படி எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. நாற்பத்து நான்கு வருடத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசி முறை அது.

பிறகு அவர் கேட்டார்: "பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எத்தனை வாரம்?"

"அஞ்சு."

"திற."

"திறந்தா உன்னை அங்க கொண்டு போயிடுவாங்க."

"தெரியும்."

"நான் சத்தியம் பண்ணினேன்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "திற நெட்டி," என்றார், சுவரிடம்.

உடனே எழுந்துபோய்த் திறந்தேன் என்று எழுத ஆசைதான். நான் திறக்கவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இமெல்டாவின் பாத்திரத்தைக் கழுவினேன். கையைத் துடைத்தேன். லேலண்ட் மூன்று மணிக்கு வந்து தட்டினார். அதன் பிறகும் அவரை இரண்டு தரம் தட்ட விட்டேன். பிறகுதான் தாழ்ப்பாளைத் தூக்கினேன்.

லேலண்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அமுங்கும் இடத்தில் கால் வைத்து, எடுத்து, ஓரமாக நடந்தார். படுக்கையறை வாசலில் நின்றார். ஹீட்டரைப் பார்த்தார். ஆக்சிஜனைப் பார்த்தார். நான் ஏன் திறக்கவில்லை என்று அதன் பிறகு அவர் என்னிடம் கேட்கவே இல்லை.

"டேய் லேலண்ட்," என்றார் வெண்டல். "உன்னை இன்னும் வீட்டுக்கு அனுப்பலையா?"

"உன் வீட்டைப் பாக்காம போக மனசு வரலை. எத்தனை வருஷம் என் வேலையில குத்தம் கண்டுபிடிச்சே நீ." லேலண்ட் ஹீட்டருக்கு முன்னால் குனிந்தார். "இணைப்பு நல்லா போட்டிருக்கே."

"தெரியும்."

"இடம்தான் தப்பு. ஆக்சிஜனுக்கு ஆறடிகூட இல்லை."

"அளந்து எழுது. அஞ்சரை."

லேலண்ட் டேப்பை இழுத்து நிஜமாகவே அளந்தார். "அஞ்சடி நாலு அங்குலம்."

"எப்பவுமே நீ குறைச்சுத்தான் அளப்பே."

லேலண்ட் சிவப்புச் சீட்டில் தேதி எழுதினார். கம்பியில் முடிச்சுப் போட அவருக்கு நேரம் பிடித்தது. ஹீட்டரைக் கழற்றி, குழாயை மூடி, சமையலறை அடுப்பையும் பார்த்துவிட்டு, கோட்டிலிருந்து தாளை எடுத்துப் பத்தொன்பதுக்கு நேராக டிக் போட்டார். வெளியே போனார்.

சற்று நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் வீட்டுப் புகைபோக்கியில் வெள்ளையாக ஆவி கிளம்பியது. பிறகு அடுத்தது. ஒவ்வொன்றாக, வரிசையாக, எங்களைத் தாண்டி இருபதாம் எண்ணுக்குப் போனது. வெண்டலுக்கு ஜன்னல் தெரியாது. நான் எண்ணிச் சொன்னேன். இருபத்தாறு வந்தபோது, "வான்கோழிக்காரன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்," என்றார்.

இருட்டுவதற்கு முன் லேலண்ட் திரும்பி வந்தார். தன் வீட்டிலிருந்து பெரிய மின்சார ஹீட்டர் ஒன்றும், தனி வயரும் கொண்டுவந்திருந்தார். "அந்த இன்னொரு தாளை இன்னிக்கு எழுத முடியாது," என்றார் என்னைப் பார்க்காமல். "ஆபீஸ் திறந்தாத்தான் எண் போட முடியும். திங்கட்கிழமை."

எண் போடும் புத்தகம் எப்போதும் அவர் வண்டியிலேயே இருக்கும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்களுக்கு இருந்தது. வெண்டல் பெரும்பாலும் தூங்கினார். இமெல்டா பாத்திரத்தை வாங்கிக்கொள்ள வந்து, குழந்தையைக் காட்டிவிட்டுப் போனாள். பால் குடிக்கிறான் என்றாள். வேறு யாரும் வரவில்லை. வருவார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. முதியோர் இல்லத்தில் கொடுத்தது நல்ல அறை, தெற்குப் பார்த்தது. இங்கே கொதிக்கிறது, ஜன்னலைத் திற என்றார். அந்த ஜன்னல் திறக்கிற ஜன்னல் இல்லை.

புதன்கிழமை எங்கள் வீட்டுக் குழாயை வெட்டி அடைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், என்னைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். "சோப்புப் போட்டுப் பாக்கறாங்களான்னு பாரு. இந்தக் காலத்துப் பசங்க மூடியைப் போட்டதும் மண்ணைத் தள்ளிடுவாங்க."

போனேன். தகாதது என்ற தாள் ஒட்டிய என் கதவுக்கு முன்னால், குழிக்கு ஓரமாக நின்றேன். அக்கம்பக்கத்தார் தங்கள் ஜன்னல்களில் நின்றார்கள். மூடியைப் போட்டதும் அந்த ஆட்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். பொறுங்கள் என்றேன். வீட்டுக்குள் போய், பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து தூரிகையோடு கொண்டுவந்தேன். சிரித்துக்கொண்டே பூசினார்கள். கசிந்தால் குமிழி வரும்; வரவில்லை.

திரும்பிப் போய்ச் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் பாத்தே?"

"காயற வரைக்கும்."

"அப்போ சரி," என்றார்.

சனிக்கிழமை விடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த ஐந்து நாளில், அவ்வளவு கேட்டும் இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டாயே என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம்.